ஹைலக்ஸ் ஸ்டார்ட்டர் காண்டாக்ட் செட்: ‘டக்’ சத்தத்தோடு நின்றுவிடும் பழைய பிக்கப்புக்கு வாங்கலாமா?

பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே இருப்பது கைக்குள் அடங்கிவிடும். காண்டாக்ட் எனப்படும் இரண்டு செம்புத் துண்டுகள், அவற்றைப் பிடித்து நிறுத்த இரண்டு போல்ட், நட்டுகளும் வாஷர்களும், கறுப்புக் காப்புத் துண்டுகள், நுனியில் செம்புத் தட்டு பொருத்திய ஒரு பிளஞ்சர், அதாவது முன்னும் பின்னும் நகரும் இரும்புத் தண்டு. நல்ல செட்டாக இருந்தால் மூடிக்கு ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். டென்சோ நிறுவனத்தின் கியர் ஸ்டார்ட்டர் (எஞ்சினை முதலில் சுற்றிவிடும் மோட்டார்) போட்ட பழைய டொயோட்டா ஹைலக்ஸ் ‘இன்றைக்கு ஸ்டார்ட் ஆகும், நாளைக்கு ஆகாது’ என்று படுத்தும்போது, பல வண்டிகளுக்கு வேண்டியது இதுதான். ஆனால் இதை வாங்குவதற்கு முன் பேட்டரியும், சில வண்டிகளுக்கு இரண்டாவது பேட்டரியும், அதற்குப் பிறகு ரீகண்டிஷன் ஸ்டார்ட்டரும் வாங்கி முடித்திருப்பார்கள். கோளாறு சரியாக இதுவாக இருந்தால் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுக்கலாம். அளந்து பார்க்காமல் வாங்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், வண்டி பழையபடியே நிற்கும். அதனால் இந்த விமர்சனத்தில் பொருளைப் பற்றிப் பேசும் அளவுக்கு அளப்பதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம், அதாவது பலர் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே வரும் இந்த ஊர்ப் பக்கம், ஸ்டார்ட்டர் தேய்வதற்குத் தனிக் காரணம் உண்டு. மலேசியாவில் செம்பனை வாணிகப் பயிராக முதலில் நடப்பட்டது 1917இல், இங்கே இருக்கும் தென்னமரம் தோட்டத்தில். அன்றிலிருந்து இந்த வட்டாரத்தில் வேலை என்றால் களத்துக்குக் களம் போவது, இறங்குவது, பார்ப்பது, மறுபடி ஏறுவது. தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் ஓட்டும் பிக்கப் ஒரு காலைப் பொழுதில் இருபது முறை அணைக்கப்பட்டு இருபது முறை ஸ்டார்ட் ஆகும். கோலாலம்பூருக்கும் ரவாங்குக்கும் போய்வரும் வண்டி நாளுக்கு இரண்டு முறைதான் சாவி பார்க்கும். காண்டாக்ட் தேய்வது கிலோமீட்டர் கணக்கில் அல்ல, சாவி திருப்பும் கணக்கில். மீட்டரில் ஓட்டம் குறைவாகக் காட்டும் தோட்ட வண்டியில் ஸ்டார்ட்டர் முதலில் படுப்பது இதனால்தான்.

எந்தெந்த வண்டிக்குப் பொருந்தும்? 2.8 லிட்டர் 3எல், 3.0 லிட்டர் 5எல் டீசல் எஞ்சின் உள்ள எல்.என். வரிசை ஹைலக்ஸ்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். அதே குடும்பத்து எஞ்சின் போட்ட வேன்களிலும் இதே மாதிரி ஸ்டார்ட்டர்தான். பெட்ரோல் வண்டியில் ஸ்டார்ட்டர் சிறியது, காண்டாக்டும் சிறியது. இரண்டையும் மாற்றிப் போட முடியாது. மிட்சுபிஷி ஸ்டோர்ம், பழைய இசுசு ஆகியவற்றில் ஸ்டார்ட்டர் வேறு கட்டமைப்பு. அவற்றில் சொலினாய்ட், அதாவது ஸ்டார்ட்டரின் மின்காந்தச் சுவிட்ச், பெரும்பாலும் மூடி நசுக்கி அடைக்கப்பட்டிருக்கும், பிரித்துச் செம்பு மாற்றும் வழி இல்லை. அந்த வண்டிக்காரர்கள் சொலினாய்டை முழுசாக மாற்ற வேண்டும். ஆனால் கீழே சொல்லும் அளவுகள் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

வண்டி வயரிங் பார்க்கும் வயர்மேன் கடையில் கேட்கும் பேச்சு எப்போதும் ஒன்றுதான்: “அண்ணே, காலையில மூணு தடவ சாவியத் திருப்புனேன், டக்குன்னு சத்தம் மட்டுந்தான். நாலாவது தடவ ஒன்னுமே நடக்காத மாதிரி எடுத்துருச்சு.” இதைக் கேட்டதும் பேட்டரியை மாற்றுவது எளிது, மாற்றினதும் வண்டி ஒழுங்காக எடுக்கவும் செய்யும். ஏன் என்றால், புது பேட்டரி பிளஞ்சரைக் கொஞ்சம் வேகமாக இழுத்து அடிக்கும். தேய்ந்த செம்பும் அந்த அடியில் சில வாரம் தொட்டுக்கொண்டு போகும். பிறகு பழைய கதை திரும்பி வரும். அப்போது குற்றம் புது பேட்டரி மேல் விழும்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் அந்த ‘டக்’ சத்தமே பாதி விடையைச் சொல்லிவிடும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரின் சிறிய வயருக்கு 12 வோல்ட் வருகிறது. சொலினாய்டுக்குள் இரண்டு சுருள்கள்: ஒன்று பிளஞ்சரை இழுப்பது, மற்றது இழுத்ததைப் பிடித்து வைப்பது. பிளஞ்சர் போகும்போது பல்சக்கரத்தை வெளியே தள்ளுகிறது. கடைசியில் அதன் பின்புறச் செம்புத் தட்டு இரண்டு காண்டாக்ட் மேல் உட்கார்ந்து, பேட்டரியின் தடித்த கேபிளை மோட்டாரோடு சேர்க்கிறது. அந்த இடத்தில் ஓடுவது 200, 300 ஆம்பியர். ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பொறி பறந்து, செம்பு கொஞ்சம் கரிகிறது. பிளஞ்சர் போகக்கூடிய தூரத்துக்கு ஒரு எல்லை உண்டு. செம்பு அந்த எல்லையைத் தாண்டித் தேய்ந்துவிட்டால் பிளஞ்சர் முழுசாகப் போய் ‘டக்’ என்று முட்டும், தட்டு மட்டும் செம்பைத் தொடாது. தட்டு தன் அச்சில் சுழலக்கூடியது. ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் வந்து உட்காரும். மேடான பக்கம் வந்தால் வண்டி எடுக்கும், பள்ளமான பக்கம் வந்தால் எடுக்காது. ஒருமுறை எடுத்து ஒருமுறை எடுக்காமல் போவதன் காரணம் முழுவதும் இவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை காதால் கேட்பது. வண்டிக்குள் உட்கார்ந்து ஒருவர் சாவியைத் திருப்ப, பானெட்டைத் திறந்து இன்னொருவர் பக்கத்தில் நிற்கட்டும். ஒவ்வொரு திருப்பலுக்கும் கனமான ஒரே ஒரு ‘டக்’, டாஷ்போர்டு விளக்கு மங்கவே இல்லை என்றால் காண்டாக்ட் மேல் சந்தேகம் வைக்கலாம். ‘டகடகடக’ என்று வேகமாக அடித்துக்கொண்டு விளக்கெல்லாம் மங்கினால் அது பேட்டரி அல்லது தளர்ந்த டெர்மினல். சத்தமே இல்லை என்றால் சிறிய வயர், சாவி சுவிட்ச், ஸ்டார்ட்டர் ரிலே, அல்லது மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் தேயும் துண்டான பிரஷ். விர்ரென்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் ஸ்டார்ட்டரின் ஒருவழி கிளட்ச் போய்விட்டது. எஞ்சின் நன்றாகச் சுற்றியும் எடுக்கவில்லை என்றால் ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டாம், அது டீசல் பக்கத்துக் கோளாறு.

பிரஷைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடலாம். இழுக்கும் சுருளுக்கு எர்த் கிடைப்பது மோட்டாரின் வழியாகத்தான். பிரஷ் தேய்ந்து மோட்டாரைத் தொடாமல் நின்றால் அந்தச் சுருளுக்கு எர்த் போய்விடும், பிளஞ்சர் இழுபடாது, ‘டக்’ சத்தமும் வராது. அதனால் சத்தமில்லாத ஸ்டார்ட்டரை ஸ்பானரால் லேசாகத் தட்டினதும் எடுத்தது என்றால் பிரஷைப் பாருங்கள். ‘டக்’ என்று கேட்கும் ஸ்டார்ட்டரில் முதலில் பார்க்க வேண்டியது காண்டாக்ட். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, தட்டித் தட்டியே ஒரு வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு. தட்டத் தட்ட, சில ஸ்டார்ட்டர்களுக்குள் ஒட்டியிருக்கும் காந்தமோ பிரஷ் பிடியோ உடையும்.

இனி அளவு. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும், 20 வோல்ட் டீசி நிலையில் வையுங்கள். ஓம் நிலையையும் பீப் சத்தத்தையும் நம்பி இந்த வேலையைச் செய்யக் கூடாது. காரணம் எளிய கணக்கு: 250 ஆம்பியர் ஓடும் இடத்தில் வெறும் 0.004 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் தொலைந்துவிடும். மலிவு மீட்டரின் வயர்களுக்கே 0.2 ஓமுக்கு மேல் தடை இருக்கும், 0.004ஐ அது எப்படிக் காட்டும்? நூறு இழையில் ஒரே ஒரு இழை மட்டும் மிஞ்சிய கேபிளும் ‘பீப்’ என்று பாஸாகிவிடும். சுமை ஏறும்போது எங்கே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டு மற்றதைப் பேசலாம். இப்போதுதான் ஓடி நின்ற வண்டி என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, பிறகு பாருங்கள்; இல்லாவிட்டால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும். எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருக்க வேண்டும்.

அடுத்தது இந்த முழு விஷயத்துக்கும் ஆணிவேர். மீட்டர் முள்ளைக் கிளாம்ப் மேல் வைக்காமல், பேட்டரியின் ஈயக் குமிழ் மேலேயே வைத்துப் பிடித்துக்கொண்டு, கோளாறு காட்டும் நேரத்தில் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ‘டக்’ கேட்டும் வோல்ட் 12க்கு மேலேயே நின்றால் பெரிய கரண்ட் ஓடவே இல்லை என்று பொருள். வழி எங்கேயோ அறுந்திருக்கிறது: காண்டாக்டில், அல்லது கேபிளில். அதே ‘டக்’ கேட்டு வோல்ட் 7, 8 என்று சரிந்தால் கரண்ட் இழுக்கப்படுகிறது. பேட்டரி வலுவில்லை, அல்லது மோட்டாரோ எஞ்சினோ இறுகிப் போயிருக்கிறது. நல்ல பேட்டரி எஞ்சினைச் சுற்றும்போது 10க்கு அருகிலோ மேலோ நிற்கும், 9.6க்குக் கீழே இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். காண்டாக்ட் செட் வாங்கலாமா, பேட்டரி வாங்கலாமா என்பதை இந்த ஒரே அளவு பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது. அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம்.

உறுதிப்படுத்த ஸ்டார்ட்டரின் பின்புறம் போங்கள். இரண்டு தடித்த போல்ட் இருக்கும். ஒன்றில் பேட்டரி கேபிள், மற்றதில் மோட்டாருக்குள் போகும் இணைப்பு. இரண்டுக்கும் குறுக்கே மீட்டரை வைத்து சாவியைத் திருப்பினால், நல்ல காண்டாக்டில் 0.2, 0.3 வோல்டுக்கு மேல் காட்டக் கூடாது. ‘டக்’ கேட்டும் அங்கே பன்னிரண்டுக்குப் பக்கத்தில் நின்றால் வழக்கு முடிந்தது, செட்டை வாங்குங்கள். பேட்டரி பிளஸ் குமிழிலிருந்து ஸ்டார்ட்டர் போல்ட் வரை 0.5 வோல்டுக்குள்ளும், பேட்டரி மைனஸிலிருந்து ஸ்டார்ட்டர் உடல் வரை 0.2, 0.3க்குள்ளும் இருக்க வேண்டும். இந்த அளவுகளை எஞ்சின் சுற்றும்போது எடுக்க வேண்டும். கரண்ட் ஓடாத நேரத்தில் எந்தக் கேபிளும் நல்ல கேபிளாகத்தான் தெரியும். சிறிய வயரில் சாவி திருப்பும்போது 10 வோல்டாவது வர வேண்டும். 8க்குக் கீழே போனால் நல்ல சொலினாய்டும் தடுமாறும்.

ஆனால் இப்படிப்பட்ட வண்டி பட்டறைக்கு வந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும். பத்து முறை திருப்பினாலும் பத்து முறையும் எடுக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு 21 வாட் சிக்னல் பல்பை எடுத்து, ஒரு முனையை மோட்டார் பக்கத்துப் போல்ட்டிலும் மறுமுனையை எர்த்திலும் நீண்ட வயர் போட்டு இணைத்து, பல்பைக் கண்ணாடி ஓரமாக ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டிவிடுங்கள். வயரில் போல்ட் பக்கமாக ஒரு 5 ஆம்பியர் பியூஸ் கட்டாயம் போட வேண்டும். எக்ஸாஸ்ட் பைப்பைத் தொடாமல் கட்ட வேண்டும். பிறகு வண்டியை வழக்கம்போல ஓட்டலாம். எங்கேயாவது களத்து ஓரத்தில் கோளாறு வரும்போது பல்பைப் பார்த்தாலே போதும். ‘டக்’ கேட்டது, பல்பு எரியவில்லை என்றால் காண்டாக்ட், அல்லது அதற்கு முன்னால் இருக்கும் கேபிள். பல்பு பளிச்சென்று எரிந்தது, மோட்டார் அசையவில்லை என்றால் பிரஷ், அல்லது மோட்டார் எர்த். சத்தமும் இல்லை, பல்பும் இல்லை என்றால் சிறிய வயரின் பக்கம் போங்கள். எடுக்கும் நேரத்தில் பல்பு ஒருமுறை எரிந்து அணைவது இயல்பு.

கோளாறு உறுதியானது. இனி பொட்டலத்தைத் தேர்ந்தெடுக்கும் விஷயம், இதில்தான் தர வித்தியாசம் பெரியது. கடையில் ஒரே சட்டத்தில் மூன்று விதம் தொங்கும். அவற்றில் மெல்லியது, தகட்டை வெட்டி வளைத்தது போல இருக்கும். சில மாதத்தில் மறுபடி பள்ளம் விழும். தடித்த, வார்த்து அழுத்திய செம்பாக இருப்பதை எடுங்கள். பையில் ஒரு சிறு காந்தம் கொண்டு போவது நல்லது: காண்டாக்டின் செம்புப் பகுதியிலும் பிளஞ்சரின் தட்டிலும் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு. போல்ட்டிலும் பிளஞ்சரின் தண்டிலும் ஒட்டுவது சரி, அவை எஃகுதான். இரண்டு காண்டாக்டும் ஒரே வடிவமா, வேறு வேறு வடிவமா என்பது ஸ்டார்ட்டருக்கு ஸ்டார்ட்டர் மாறும். அதனால் பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோய், உயரம், துளை, போல்ட் நீளம் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குவதே பாதுகாப்பு. வண்டி நம்பரைச் சொல்லி வாங்கினால் ஏமாறலாம்: இந்த வயது வண்டிகளில் ஸ்டார்ட்டர் எப்போதோ ஒருமுறை, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் பொட்டோங் கடையிலிருந்து வந்ததாக இருக்கும்.

பிளஞ்சர் இல்லாமல் காண்டாக்ட் மட்டும் விற்கும் செட்டும் உண்டு. கொஞ்சம் மலிவு. வேண்டாம். புதுச் செம்பின் மேல் பள்ளம் விழுந்த பழைய தட்டு உட்கார்ந்தால், தொடும் இடம் சுருங்கி, புதுசும் சீக்கிரம் கரியும். பழைய காண்டாக்டை அரத்தால் தேய்த்துச் சமன் செய்து திரும்பப் போடுவதும் பட்டறைகளில் நடக்கிறது. ஊருக்குப் போகும் வழியில் மாட்டிக்கொண்டால் வீடு சேர அது உதவும். ஆனால் தேய்ந்து உயரம் குறைந்த பொருளை இன்னும் தேய்த்தால் உயரம் இன்னும் குறையும். சில வாரத்தில் அதே ‘டக்’.

மாட்டும் வேலை அரை நாள். முதலில் பேட்டரி மைனஸ் கழற்ற வேண்டும், 10 ஸ்பானர். இதைக் கழற்றாமல் ஸ்டார்ட்டர் கேபிளில் ஸ்பானர் வைத்தால், ஸ்பானர் சேஸியைத் தொட்ட இடத்தில் வெல்டிங் ஆகும். பேட்டரி கேபிளின் நட் 12. ஸ்டார்ட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் 14 அல்லது 17. செம்மண் ஏறி இறுகியிருந்தால் முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் அடித்து வையுங்கள். டீசல் ஸ்டார்ட்டர் கனமானது. கடைசி போல்ட்டைக் கழற்றும்போது கீழிருந்து ஒரு கை தாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முகத்தில் விழும்.

வெளியே எடுத்ததும் மண்ணைத் துடைத்துவிட்டுத் திறக்கவும். சொலினாய்டின் வட்ட மூடியில் மூன்று சிறு போல்ட். மூடியைத் திறந்ததும் பிளஞ்சரும் சுருள் ஸ்பிரிங்கும் வெளியே வரும். எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் பின்னால் குழப்பம் இருக்காது. முன்பக்கக் கியர் பகுதியைப் பிரிக்க வேண்டாம். அதைப் பிரித்தால் உள்ளே கிளட்ச் தண்டுக்குள் இருக்கும் சிறு எஃகுக் குண்டு விழுந்து காணாமல் போகும், காண்டாக்ட் மாற்ற அதைத் தொடத் தேவையே இல்லை. தேய்ந்த செம்பைப் பார்த்தால் பிறை வடிவத்தில் பள்ளம் விழுந்திருக்கும், பேட்டரி பக்கத்தது பெரும்பாலும் அதிகமாக. உள்ளே கருந்தூளாக இருப்பது கரிந்த செம்பு. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல் ஊற்றிக் கழுவ வேண்டாம், சுருளின் காப்புப் பூச்சு கெடும்.

புதுசைப் போடும்போது காப்புத் துண்டுகளும் வாஷர்களும் பழைய வரிசையிலேயே வர வேண்டும். ஒன்று தவறினால் பேட்டரி பிளஸ் நேராக ஸ்டார்ட்டர் உடலைத் தொட்டுவிடும். மோட்டார் பக்கத்துப் போல்ட்டில் இழுக்கும் சுருளின் முனையும் சேர்ந்து வரும், அதை மறக்கக் கூடாது. நட்டை இறுக்கும்போது செம்புத் துண்டு கூடவே சுழன்று கோணலாகும். உள்ளே ஒரு மரத்துண்டை வைத்து நேராகப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் காப்புத் துண்டு விரிசல் விடும்.

மூடுவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். தட்டின் மேல் மார்க்கர் பேனாவால் மை தடவி, பிளஞ்சரை உள்ளே போட்டுக் கையால் அழுத்தி எடுங்கள். இரண்டு செம்பிலும் சமமாக மை ஒட்டியிருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் ஒட்டியிருந்தால் உயரம் சமமில்லை. அப்படியே மூடினால் செய்த வேலை வீண். மலிவு செட்டுகளை மாட்டியும் கோளாறு தீரவில்லை என்று வரும் வண்டிகளைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

திறந்த கையோடு பிரஷையும் பாருங்கள். புதியதன் நீளத்தில் பாதி தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றுவது மேல். அதற்காக இன்னொருமுறை ஸ்டார்ட்டரை இறக்க யாருக்கும் மனம் வராது. வண்டியில் ஏற்றுவதற்கு முன் தரையில் காலால் அழுத்திப் பிடித்து அல்லது வைஸில் கட்டி, ஜம்பர் கேபிள் போட்டு மூன்று நான்கு நொடி ஓட்டிப் பார்க்கவும். பல்சக்கரம் முன்னே பாய்ந்து சுற்ற வேண்டும், விட்டதும் உள்ளே போக வேண்டும். ஓடத் தொடங்கும் நொடியில் ஸ்டார்ட்டர் துள்ளும், கவனம்.

இந்த செட் தீர்க்காத கோளாறுகளும் தோட்ட வண்டியில் நிறைய. முதலில் வருவது எர்த். வண்டியின் பின்னால் ஏற்றும் உரம்தான் காரணம். எம்.ஓ.பி. என்று மூட்டையில் போட்டிருக்கும் பொட்டாசியம் குளோரைடும், அம்மோனியம் சல்பேட்டும் ஈரக் காற்றோடு சேர்ந்தால் இரும்பையும் செம்பையும் விடாமல் அரிக்கும். எஞ்சினுக்கும் சேஸிக்கும் இடையே இருக்கும் எர்த் பட்டை வெளியே பார்க்க நல்லதாகத் தெரியும், ஆனால் போல்ட்டுக்கு அடியில் துருப்பொடியாக இருக்கும். அந்தப் பட்டை போனால் ஸ்டார்ட்டர் கரண்ட் வேறு வழி தேடி, ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடப் போகும். ஸ்டார்ட் செய்த பிறகு அந்தக் கேபிள் சூடாக இருந்தால் வேறு சோதனையே வேண்டாம். கழற்றி, உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பேட்டரி கிளாம்ப் பக்கத்தில் கேபிள் உறை உப்பியோ இறுகியோ இருந்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புது லக் (கேபிள் முனை வளையம்) நசுக்கிப் போட வேண்டும்.

அடுத்தது சூட்டில் மட்டும் வரும் கோளாறு. காலையில் ஒழுங்காக எடுக்கும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மாமாக் கடையில் ஒரு தே தாரே குடித்துவிட்டு வந்தால் எடுக்காது, அரை மணி நேரம் கழித்து எடுக்கும். செம்புக் கம்பியின் தடை சூட்டில் ஏறும். 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடும், சுருளில் ஓடும் கரண்ட் குறைந்து இழுப்பும் குறையும். அத்தோடு பழைய சாவி சுவிட்சும் இரண்டு வோல்டை விழுங்கினால் பிளஞ்சர் நகராது. இதற்கு வழி, சிறிய வயருக்கு ஒரு தனி ரிலே: 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர். பேட்டரி பிளஸிலிருந்து 30 ஆம்பியர் பியூஸ் வழியாக 4 சதுர மில்லிமீட்டர் வயரில் ரிலேக்கு, அங்கிருந்து ஸ்டார்ட்டரின் சிறிய முனைக்கு. சாவியிலிருந்து வரும் பழைய வயர் ரிலேயை மட்டும் இயக்கினால் போதும். அந்த வேலையை நல்ல வயர்மேனிடம் கொடுங்கள். ரிலேயை மழைநீர் வழியும் இடத்தில் வைக்காமல், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டச் சொல்லுங்கள்.

எலியையும் விட்டுவிட முடியாது. செம்பனைப் பழத்தைத் தின்ன வரும் எலிக்கு நிறுத்திய வண்டியின் எஞ்சின் கூடு நல்ல வீடு. அதைப் பிடிக்கத்தான் தோட்டங்களில் கூகைக்குக் கூடு கட்டி வைக்கிறார்கள். சிறிய வயர் அரைகுறையாகக் கடிபட்டிருந்தால் குலுங்கும்போது ஒட்டும், நிற்கும்போது விடும். விரலால் வயர் முழுவதையும் தடவிக்கொண்டு வந்தால் கண்ணுக்குத் தெரியாத கடி கைக்குத் தெரியும்.

எஞ்சின் சுற்றியும் எடுக்காத டீசலுக்கு இரண்டு இடம் பார்த்தால் பெரும்பாலும் போதும். பம்பின் மேல் இருக்கும் டீசல் கட் சொலினாய்டுக்குச் சாவி போட்டதும் 12 வோல்ட் வர வேண்டும். வயரைக் கழற்றித் தொட்டால் உள்ளே ஒரு சிறு ‘டிக்’ கேட்கும். இரவு நின்று காலையில் மட்டும் எடுக்காவிட்டால், எடுப்பதற்கு முன் பில்டர் மேல் உள்ள கைப்பம்பை இருபது முப்பது முறை அடித்துப் பாருங்கள். உடனே எடுத்தால் டீசல் குழாயில் எங்கேயோ காற்று ஏறுகிறது. பழைய ரப்பர் குழாய்களும் அவற்றின் கிளிப்புகளும்தான் முதல் சந்தேகம்.

ரீகண்டிஷன் ஸ்டார்ட்டரோடு ஒப்பிட்டால்? கிளட்ச் போனது, மோட்டார் சுருள் கரிந்தது, பேரிங் கத்துகிறது என்றால் ரீகண்டிஷன் வாங்குவது நியாயம். காண்டாக்டுக்காக மட்டும் வாங்குவது நியாயமில்லை. வெளியே கறுப்புப் பெயின்ட் அடித்து, உள்ளே அரத்தால் தேய்த்த பழைய செம்போடு வருவதும் உண்டு. மூன்று போல்ட் திறந்து காட்டச் சொல்லிவிட்டு வாங்குங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். வண்டியில் இப்போது இருப்பது ஒரிஜினல் ஸ்டார்ட்டர் என்றால், அதன் மோட்டார் நல்ல நிலையில் இருக்கும்வரை, நல்ல செட் போட்டு அதையே வைத்துக்கொள்வது மேல்.

ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு போல்ட்டையும் குறுக்கே தொட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கியரில் நிற்கும் வண்டி அந்த நொடியே முன்னே பாயும். சக்கரத்துக்கு முன்னால் குனிந்திருப்பவருக்கு நகர நேரம் இருக்காது. பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் இருக்கும்போது பறக்கும் பொறியும் நல்லதல்ல.

தேய்ந்த காண்டாக்ட் இன்னொரு விதமாகவும் கெடும்: சூட்டில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். சாவியை விட்ட பிறகும், அணைத்த பிறகும் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், சில நொடியில் கேபிள் புகையும். சாவியால் அதை நிறுத்த முடியாது, பேட்டரி மைனஸைக் கழற்றினால்தான் நிற்கும். பழைய காண்டாக்டோடு ஓடும் வண்டியில் ஒரு 10 ஸ்பானரை இருக்கைக்கு அடியில் அல்ல, பானெட்டுக்குள் பேட்டரிக்குப் பக்கத்திலேயே கட்டி வையுங்கள். மைனஸ் நட்டை வருடக்கணக்கில் தொடாமல் துருப்பிடிக்க விடாமல், மாதம் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.